மேல்கம்பி

ஜூன் 5, வியாழன்

இன்று ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேர் முன்னாலும் என் வேட்டி கழன்றது. முழுசாக இல்லை, முக்கால்வாசி. எங்கள் சங்கத்துக் கல்யாண மண்டபத்தில் முகப்புப் போர்டிகோவுக்குக் கான்கிரீட் போடும் பூசை. ஏணியில் ஏறித் தளத்தில் கால் வைத்தபோது ஒரு கட்டுக்கம்பி வேட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. நான் முன்னால் போனேன், வேட்டி வரவில்லை. பேரன் எடுக்கிற வயதில் பட்டாபட்டி டவுசரோடு ஊருக்குக் காட்சி கொடுத்தேன். சங்கத் தலைவர் குத்தாலிங்கம் அண்ணாச்சிதான் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றினார். கீழே என் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சனம் சிரித்த சிரிப்பில் அதுவும் கேட்கவில்லை. முப்பது வருஷமாக மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் நான், அதைவிடச் சத்தமாக எதுவும் கேட்டதில்லை.

மண்டபத்துக்கு டிசைன் என் மகள் ஆவுடையம்மாள். எந்தத் தூண் எவ்வளவு கனம், எந்தக் கம்பி எந்த இடத்தில் என்று கணக்குப் போட்டு வரைந்து கொடுப்பது அவள் வேலை. வரைந்ததைக் கட்டுகிறவர் காண்ட்ராக்டர் பலவேசம். ஆவுடை சென்னையில் ஒரு டிசைன் ஆபீசில் ஆறு வருஷம் இருந்தாள். அங்கே எட்டு மாடி, பத்து மாடி என்று போட்டவள். போன வருஷம் ஊருக்கு வந்து, மெடிக்கல் கடை மாடியில் தன் பேரில் போர்டு மாட்டினாள். இந்தப் பக்கத்தில் அவள் டிசைனில் எழும்பும் முதல் பெரிய கட்டடம் இதுதான்.

பூசை என்றால் எங்கள் வழக்கம், தலைவர் முதல் கமிட்டிக்காரர் வரை ஆளுக்கொரு சட்டி கான்கிரீட் கொட்ட வேண்டும். கொட்டிவிட்டு எல்லோரும் மேலே வரிசையாக நின்று போட்டோ எடுக்க வேண்டும். நின்றோம். பின்னி வைத்த கம்பிக்கு மேல் இரண்டு வரிசை. கீழே இருந்து ஆவுடை கத்தினாள்.

"கம்பியில நிக்காதீங்க! பலக போட்டிருக்குல்லா, அதுல நில்லுங்க. மேல்கம்பி அமுங்கிரும்."

"போட்டோ எடுத்துட்டு எறங்கிருதோம் தாயி" என்றார் அண்ணாச்சி.

"பெரியப்பா, அது தூண் இல்லாம நீட்டிக்கிட்டு நிக்கப்போற தளம். கம்பி மேல இருந்தாத்தான் தாங்கும். தயவுசெஞ்சு எறங்குங்க."

ஒன்றிரண்டு பேர் காலைத் தூக்கினார்கள். கூட்டம் ஒரு மாதிரி ஆகிப்போனது. நல்ல காரியத்தில் இப்படி ஆகக் கூடாதே என்று நான்தான் சொன்னேன்: "பயப்படாத தாயி, எங்க எல்லாரையும்விட உங்கம்மாதான் கனம். அவள மேல ஏத்தாம வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்." அவ்வளவுதான், வேட்டிக்குச் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. கீழே நின்றவர்களும் ஏறி வந்து போட்டோவில் சேர்ந்துகொண்டார்கள். நல்ல பகடி. எனக்கே பிடித்திருந்தது.

அப்புறம் அவள் மேலே ஏறி, குனிந்து கம்பியைக் கையால் இழுத்துப் பார்த்தாள். "நிறுத்துங்க, திரும்பக் கட்டணும்" என்றாள். நல்ல நேரம் முடியப்போகிறது, கலவை மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் தூக்கிக் கட்டிக்கிடுதேன் போங்கம்மா என்றார் பலவேசம். அண்ணாச்சி "போடுங்கப்பா" என்றார். போட்டார்கள். "இதுக்கு நான் பொறுப்பில்ல. அடியில தாங்குற முட்டுப் பிரிக்குறதுக்கு முந்தி என்னக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஆவுடை வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிரியாணி நன்றாக இருந்தது. அவள் பங்கை வாங்கி வந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

ஆவுடை என்னோடு பேசவில்லை. பிரியாணியை நாய்க்கு வைத்துவிட்டாள். நாய் பேசுகிறது.

ஜூன் 14, சனி

பேசிவிட்டாள். காரணம் நான் இல்லை. தென்காசியில் ஒரு டாக்டர் மூன்று மாடி ஆஸ்பத்திரி கட்டுகிறார், டிசைன் இவளிடம்தான் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் என்னையும் மன்னித்தாள்.

அந்தப் போர்டிகோவில் அப்படி என்னதான் என்று கேட்டேன். கையை முன்னால் நீட்டச் சொன்னாள். விரலில் தண்ணீர் வாளியை மாட்டினாள். "எங்கப்பா இழுக்கு?" என்றாள். தோளுக்கு மேல்பக்கம் என்றேன். "அங்கதான் கம்பி இருக்கணும். மேல்பக்கம் பிய்யப் பாக்கும், அத கம்பி புடிச்சுக்கிடும். கம்பி கீழ போயிருச்சுன்னா, அது இருந்தும் இல்லாத மாதிரி." மைக்கும் ஒயரும் மட்டுமே தெரிந்த என் தலையில்கூட அது ஏறியது. ஆனால் வாளியை இறக்க மறந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு லிப்ட் எந்தப் பக்கம் என்று அவள் அம்மா செல்லக்கனியிடம் விளக்கப் போய்விட்டாள். தோள்பட்டைக்குத் தைலம் போட்டிருக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் இருந்து சாரல். கடையில் ஒரு கோன் ஸ்பீக்கரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மண்டபத்துப் பக்கம் இருந்து ஆட்கள் ஓடுகிற சத்தம். போய்ப் பார்த்தேன்.

பலவேசம் யாரையும் கூப்பிடாமல் போர்டிகோவுக்குக் கீழே இருந்த முட்டுகளைப் பிரித்திருக்கிறார். கடைசி முட்டு எடுத்ததும் தளத்தின் முன்விளிம்பு நாலு விரல் கிடை இறங்கிவிட்டது. மேலே சுவரை ஒட்டி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெடிப்பு. வேலையாட்கள் அலறி அடித்து முட்டுகளைத் திரும்பக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தருக்கும் அடி இல்லை. ஆண்டவன் புண்ணியம்.

ஆவுடை வந்து சேர்வதற்கு முன்பே பலவேசம் சொல்லி முடித்துவிட்டார்: "பொம்பளப் பிள்ள போட்ட பிளானு. அப்பவே எனக்கு மனசுக்குச் சரிப்படல." அவள் வந்து மேலே ஏறி, வெடிப்பைப் பார்த்தாள். இறங்கி வந்து ஒரே வார்த்தை: "ஒருத்தரும் இதுக்குக் கீழ வராதீங்க." யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தளத்தைப் பார்த்தேன். அது தொங்கிக்கொண்டு நின்றது.

ஜூலை 6, ஞாயிறு

குத்தாலிங்கம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். செல்லக்கனி காப்பி கொடுத்தாள். குடிக்காமல் ஓரமாக வைத்தார். ஆவணியில் மண்டபம் திறப்பு. முதல் கல்யாணமே அவர் மகள் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது.

"ஆவுடை, நீ நம்ம ஊருப் பிள்ள. கணக்குல ஒரு புள்ளி மாறிப் போச்சுன்னு கமிட்டியில ஒரு வார்த்த சொல்லிரு. நாங்க மன்னிச்சு விட்டுருதோம். ரெண்டு நாள்ல ஊரு மறந்துரும்."

"ஊரு மறந்துரும் பெரியப்பா. அதுக்கப்புறம் இந்த ஜில்லாவுல எவனும் எங்கிட்ட ஒரு நாய்க்கூண்டுக்குக்கூட டிசைன் கேக்க மாட்டான்."

"பொம்பளப் பிள்ளைக்கு வேற வேலையா இல்ல? டீச்சருக்குப் படி. கல்யாணம் முடி."

"மேல, சுவரு ஓரத்துல ஒரு முழம் கொத்திப் பாப்போம். கம்பி நான் வரஞ்ச எடத்துல இருந்துச்சுன்னா எங்கப்பா மைக்கப் புடிச்சு ஊருபூரா கேக்க 'தப்பு எம்மேல'ன்னு சொல்லுதேன். கம்பி கீழ கெடந்தா, யாரு மேல நின்னான்னு நீங்க சொல்லுங்க."

அண்ணாச்சிக்குக் காது சிவந்துபோனது. "தெறக்காத மண்டபத்தக் கொத்தவா? எம்மக கல்யாணத்துக்கு முந்தி ஒடைக்கச் சொல்லுதியா? என்னவே உச்சிமாகாளி, பிள்ளய இப்படியா வளத்துருக்கீரு?"

என்னை இழுத்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "நான் எங்க அண்ணாச்சி வளத்தேன், அதுவா வளந்துச்சு." யாரும் சிரிக்கவில்லை. காப்பியில் ஆடை படிந்திருந்தது. அவர் போன பின் செல்லக்கனி அதைக் கொட்டிவிட்டு டம்ளரை இரண்டு தரம் கழுவினாள்.

ஜூலை 9, புதன்

தென்காசிக்குப் போய்வந்தேன், ஸ்பீக்கருக்கு ஒரு காயில் வாங்க. அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரிட்டயரான ஓவர்சியர் ஒருத்தர் இருக்கிறார், பழைய பழக்கம். பொழுது போகவில்லை என்று பார்க்கப் போனேன். பையில் தற்செயலாக ஆவுடையின் டிராயிங் ஜெராக்ஸ் ஒன்று இருந்தது. காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "இப்பப் பிள்ளைங்க எல்லாம் கம்ப்யூட்டர்ல போடுது. நாங்க எல்லாம் ரெண்டு கம்பி கூடவே போட்டுருவோம்" என்றார். சரியா தப்பா என்று கேட்டேன். டீ சொல்லவா என்று கேட்டார்.

சாயங்காலம் ஆவுடை குளிக்கப் போயிருந்தபோது அவள் மேஜையில் கணக்குத் தாள் கிடந்தது. ஒரு பக்கத்துக் கூட்டலை நானும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், சும்மாதான். மூன்று தடவை போட்டேன், மூன்று விடை வந்தது. அவள் விடை அதில் இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் என்னைத் தூக்கிவிட்ட வாத்தியார் எவ்வளவு நல்லவர் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

வாங்கி வந்த காயில் வேறு அளவு. திரும்பப் போக வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

ஆவுடை ஆபீஸ் போர்டில் யாரோ தார் பூசிவிட்டார்கள். 'எம்.இ. ஸ்ட்ரக்சுரல்' என்கிற படிப்பு மறைந்துவிட்டது, 'ஆவுடையம்மாள்' மட்டும் தெரிகிறது. நான் மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு போய்த் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பரவியது. கீழே மெடிக்கல் கடைக்காரர் வெளியே வந்து, துடைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அண்ணாச்சி, மாடிய எங்க மச்சான் கேக்கான். ஆடி முடிஞ்சதும் பிள்ளைய வேற எடம் பாக்கச் சொல்லுங்க" என்றார். அவருக்கு மச்சானே கிடையாது.

சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் போர்டிகோ படத்தைப் போட்டு, 'அடுத்து ஆஸ்பத்திரியாம், படுத்த நோயாளி எந்திரிக்க மாட்டான்' என்று எழுதியிருக்கிறான் ஒருத்தன். அதற்குச் சிரிக்கிற பொம்மை போட்டவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு என் பகடிக்குச் சிரித்தவர்கள். நான் அந்தக் குரூப்பிலேயே இருக்கிறேன். வெளியே வரத் தெரியவில்லை. ஆவுடையிடம் கேட்கலாம் என்றால் அவளிடம் எப்படிக் கேட்பது?

ஆடிக் கொடைத் திருவிழாவுக்குச் சொல்லியிருந்த இரண்டு கோயில்காரர்களும் வேறு மைக் செட் சொல்லிவிட்டார்கள். போகட்டும், காது கொஞ்சம் ஓய்வெடுக்கும்.

ஜூலை 16, புதன்

தென்காசி டாக்டர் போன் பண்ணினார். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எங்களுக்கும் கேட்டது. "உங்க மேல எனக்கு ஒண்ணுமில்லம்மா. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம். எங்க வீட்டுல பயப்படுதாங்க." சரி சார், சரி சார் என்றே சொன்னாள். வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"சென்னையில ஒரு சாரு டிசைன்ல பால்கனியே விழுந்துச்சும்மா. எல்லாரும் மேஸ்திரி சட்டையத்தான் புடிச்சாங்க. அந்த சாரப் பாத்து யாரும் 'ஆம்பள போட்ட பிளானு'ன்னு சொல்லல."

"நீ தப்பாப் போட மாட்ட. சாப்புட வா" என்றாள் செல்லக்கனி. அவளுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. ரேஷன் கார்டில் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மூன்று பேரைக் கேட்பாள். இதில் மட்டும் எப்படி அப்படி இருக்கிறாள்?

சாயங்காலம் நடக்கப் போனேன். வடக்குத் தெருவில் ஆவுடை டிசைன் பண்ணிய வாத்தியார் வீடு இருக்கிறது, மாடியில் பால்கனி தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். வெயிலுக்காக எதிர்வரிசையில் நடந்தேன். திரும்பி வரும்போதுதான் கவனித்தேன், சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

தோசை சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன். "ஏ தாயி, ஒரு புள்ளிதான. ஒத்துக்கிட்டா என்ன? மறுபடி சென்னைக்கே போயிரலாம். அங்க யாருக்குத் தெரியும்?"

அவள் தோசையைப் பிய்த்தபடியே இருந்தாள். வாயில் வைக்கவில்லை.

"நீங்களுமாப்பா?"

"நான் என்ன சொல்லுதேன், இந்த ஊரு வாயி..."

"கணக்கு தப்புன்னு நெனைக்கீங்களா?"

"எனக்குக் கணக்க என்ன தெரியும்? எனக்கு ஆறாம் வாய்ப்பாடே அவரைக்கொடி மாதிரிச் சுருளும்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் தட்டைத் தள்ளிவிட்டாள். சட்னி சுவர் வரைக்கும் போனது.

"எல்லாத்தையும் சிரிப்பாக்காதீங்க! அன்னைக்கு ரெண்டு பேரு கால எடுத்தாங்க. நான் பாத்தேன். நீங்க வாயத் தெறந்தீங்க, சிரிச்சாங்க, திரும்ப வச்சிட்டாங்க. ஊருக்காரன் கம்பியில நின்னான். நீங்க எம் பேச்சு மேலல்லா நின்னீங்க."

கதவு சாத்தும் சத்தத்தில் காலண்டர் விழுந்தது. செல்லக்கனி சுவரைத் துடைத்தாள். எனக்கு அடுத்த தோசை வரவில்லை. கேட்கவும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

வருகிற ஞாயிறு சங்கப் பொதுக்கூட்டம். மைக் செட் நம்முடையதுதான் வேண்டுமாம், வாடகை கிடையாதாம். சங்க வேலை.

ஜூலை 27, ஞாயிறு

சங்கத்தில் பேச வரிகாரனாக இருக்க வேண்டும். வரிகாரன் என்றால் சங்கத்துக்கு வரி கட்டுகிற, கல்யாணமான ஆம்பளை. ஊருக்கே தூண் கணக்குப் போட்டாலும் ஆவுடைக்கு உள்ளே வாய் கிடையாது. செல்லக்கனியும் அவளும் வெளி வராந்தாவில் பெண்களோடு நின்றார்கள். பக்கத்தில் நின்ற பெண்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

நான் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். குத்தாலிங்கம் அண்ணாச்சி என் மைக்கில்தான் பேசினார். டிசைன் பண்ணின என்ஜினீயர் தப்பை ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் சங்கம் மேலிடத்துக்கு எழுதி அவர் லைசென்சை ரத்து செய்யச் சொல்லப்போகிறது, வெடிப்பைப் பூசி, கல்யாணத்தன்றைக்கு முட்டுகளை எடுத்துவிடலாம் என்று பலவேசம் உறுதி கொடுக்கிறார் என்றார். அப்புறம் சொன்னார்: "அன்னைக்குக் கான்கிரீட் போடையில நாங்க எல்லாரும் அங்கதான் இருந்தோம். கம்பியில நிக்காதீங்கன்னு அந்தப் பிள்ள ஒரு வார்த்த சொல்லிருந்தா நாங்க எறங்கிருக்க மாட்டமா? சொல்லலியே!"

வராந்தாவில் இருந்து ஆவுடை ஏதோ கத்தினாள். "பொம்பளைகள் சத்தம் போடக் கூடாது" என்று செயலாளர் எழுந்தார்.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. பழக்க தோஷம், மைக்கைப் பிடித்ததும் "ஹலோ, ஹலோ, டெஸ்டிங்" என்றேன். சில பேர் சிரித்தார்கள்.

"அண்ணாச்சி, அவ சொன்னா. ரெண்டு தடவ சொன்னா."

"நீரு ஒக்காரும்வே."

"ரெண்டு பேரு எறங்கப் பாத்தாங்க. அப்ப நான் சொன்னேன், எல்லாரையும்விட அவ அம்மாதான் கனம், அவள வீட்டுல விட்டுட்டு வந்தேன்னு. நீங்க எல்லாரும் சிரிச்சிய."

அன்றைக்கு ஊரையே உருட்டிய பகடி. இன்றைக்கு ஒரு சத்தம் இல்லை.

"அதனால எறங்கல. அவ நிப்பாட்டச் சொன்னா, அதையும் கேக்கல. முட்டுப் பிரிக்க முந்தி கூப்பிடச் சொன்னா, கூப்பிடல. அவ கேக்கது ஒண்ணுதான். கொத்திப் பாருங்க."

அப்புறம் ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். மகளுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டான், பொம்பளைக்கு இடம் கொடுத்தா இதான், இவன் வாய்க்கு மொதல்ல பூட்டுப் போடணும். யாரோ ஒயரைப் பிடுங்கினான். மைக் செத்துவிட்டது. பலவேசம் என் சட்டைப் பக்கம் கையைக் கொண்டுவந்தார். அண்ணாச்சி கையை அமர்த்திவிட்டுக் கேட்டார்:

"உமக்கு அந்தக் கணக்கு தெரியுமாவே?"

"தெரியாது."

"அப்புறம் எத வச்சு உம்ம மக சரின்னு சொல்லுதீரு?"

"சரின்னு சொல்லுதேன். கம்பி மேலதான் இருந்துச்சுன்னா என்ன வரியில இருந்து தள்ளி வைங்க. நல்லது கெட்டதுக்கு எவனும் எங்க வீட்டுக்கு வர வேண்டாம்."

இதை மைக் இல்லாமல் சொன்னேன். கூட்டம் என்னைத் தள்ளிவைக்க அப்போதே தயாராகத்தான் இருந்தது. பின்வரிசையில் பால்பண்ணை மாடசாமி எழுந்து நின்றார். அவர் யாருக்கும் ஆதரவாகப் பேசுகிறவர் இல்லை, எங்களுக்கும் இல்லை. "அந்தப் பிள்ள சரியோ தப்போ எனக்குத் தெரியாது. முட்டுகள எடுத்த பெறவு கல்யாணத்தன்னைக்கு எம்பிள்ளைங்க அதுக்குக் கீழதான செருப்பக் கழத்தும்?" என்றார். பிள்ளை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

கடைசியில் தீர்மானம்: திருநெல்வேலியில் இருந்து சங்கமே ஒரு பெரிய என்ஜினீயரைக் கூட்டி வரும். அவர் என்ன சொல்கிறாரோ அது. "ஆம்பள என்ஜினீயரு" என்று ஒருத்தர் சேர்த்துச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆவுடை ஆம்ப்ளிபயரின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். மறுகாதை நான் பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 28, திங்கள்

கடை திறக்கவில்லை. வரியில் இருந்து தள்ளிவைத்தால் சாவுக்கு யார் தூக்குவார்கள் என்று செல்லக்கனியிடம் கேட்டேன். அப்போது பார்த்துக்கொள்ளலாம், முதலில் முருங்கைக்காயை நறுக்குங்கள் என்றாள்.

ஜூலை 31, வியாழன்

கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தேன். எதற்கு என்று பூசாரி கேட்டார். சும்மாதான் என்றேன். கோணலாக உடைந்தது. இன்னொன்று வாங்கினேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஜெபராஜ் சார் காரில் வந்து இறங்கினார். தலை நரைத்தவர், பெரிய பெரிய பாலத்துக்கெல்லாம் டிசைன் பண்ணினவராம். அண்ணாச்சி மாலை போட்டார். ஆவுடை ஒரு ஓரமாக நின்றாள். அவர் டிராயிங்கை வாங்கிக் காரின் பானட்டில் விரித்து, ரொம்ப நேரம் பார்த்தார். தளத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மேல, சுவரு ஓரத்துல ஒரு முழத்துக்குக் கொத்திப் பார்க்கணும்."

ஒரு மாசமாக அவள் சொன்ன அதே வார்த்தை. "ஆகட்டும் சார், ஒடனே கொத்திருவோம்" என்றார் அண்ணாச்சி. கடப்பாரையும் உளியும் ஏற்கெனவே தயாராக இருந்தன.

கமிட்டி முழுக்கக் கீழே நின்றது. இந்தத் தடவை மேலே யாரும் ஏறவில்லை. நானும் ஆவுடையும் ஜெபராஜ் சாரும் மட்டும் மண்டபத்து மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபடி நின்றோம், கொத்துகிறவர் ஜன்னல் வழியாக இறங்கிச் சுவரை ஒட்டி உட்கார்ந்தார். முதல் அடி விழுந்தது. கம்பி மேலிருந்து ஒரு விரல்கிடையில் தட்டுப்பட வேண்டும், அது அவள் வரைந்த இடம். தட்டுப்பட்டால் அவள் தப்பு. ஒரு விரல் போனது. கொத்துகிறவர் நிறுத்தி ஊதினார். ஜல்லிதான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு விரல். மூன்று. ஆவுடை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. ஒரு உள்ளங்கை ஆழம் போன பிறகுதான் உளி 'டிங்'கென்றது.

தளத்தின் அடிப்பாகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது கம்பி. அதைத் தூக்கிப் பிடிக்க வைத்திருந்த வளைகம்பிகள் காலைப் பரப்பி மல்லாந்து, மிதிபட்ட தவளை மாதிரிச் சப்பையாகக் கிடந்தன. இருக்க வேண்டியதில் பாதிதான் வைத்திருக்கிறார்கள் என்றார் ஜெபராஜ் சார். ஜன்னல் வழியாகக் கீழே குனிந்து கேட்டார்: "கான்கிரீட் போடும்போது கம்பி மேல யாரு நின்னது?"

கமிட்டிக்காரர்கள் ரோட்டைப் பார்த்தார்கள். பலவேசம் போனை எடுத்துக் காதில் வைத்தார். அது அடிக்கவே இல்லை.

"டிராயிங்ல மாத்த ஒண்ணும் இல்ல. இத முழுசா ஒடைச்சிட்டு, இதே மாதிரி போடுங்க. இந்தம்மாவ நிக்க வச்சுப் போடுங்க."

இத்தோடு முடிந்தது என்று யாராவது நினைத்தால் அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. அண்ணாச்சி சார் காதுபடச் சொன்னார்: "இருந்தாலும் அந்தப் பிள்ள அன்னைக்கு விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது. பொறுப்பு வேணும்லா." அப்புறம் செயலாளர், டிராயிங் அதுவே இருக்கட்டும், கையெழுத்து மட்டும் சார் போட்டால் நல்லா இருக்கும் என்றார். ஜெபராஜ் சார் அவரைப் பார்த்த பார்வையில் செயலாளர் காரில் இல்லாத தூசியைத் துடைக்கப் போனார். ஆவுடையிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. மாடசாமி மட்டும் போகும்போது அவளைப் பார்த்து ஒரு தலையாட்டு. அவர் மாட்டுக்குக்கூட அப்படி ஆட்டுகிறவர்தான்.

அங்கேயே அவளுக்கு ஒரு போன். தென்காசி டாக்டர் இல்லை, அவர் ஆபீசில் இருக்கிற பையன். ஆஸ்பத்திரி டிசைனை நேற்றே வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்களாம். சரி என்று வைத்தாள்.

ரோட்டு டீக்கடையில் நின்றோம். அவளுக்கு விரலெல்லாம் சிமெண்ட் தூசி. அந்தக் குழியில் அவளும் கை விட்டுக் கம்பியைத் தொட்டுப் பார்த்திருந்தாள். "நானும் அன்னைக்குப் போயிருக்கக் கூடாதுப்பா. கம்பி மேல படுத்தாவது நிறுத்திருக்கணும். அது என் தப்புதான்" என்றாள். நான் டீயை ஆற்றினேன். ஆறிய டீயைத் திரும்பவும் ஆற்றினேன்.

"இனி என்ன தாயி செய்யப்போற?"

"போர்டிகோவ ஒடச்சுத் திரும்பப் போடணும்லா. நின்னு போடப்போறேன். எவன் சொன்னாலும் சொல்லாட்டாலும் எம்பேருல நிக்குற தளம் அது. அதுக்கப்புறம் வேற ஊருல ஒரு ரூம் பாக்கணும்." டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா நம்புச்சு, அது அம்மா, எனக்குக் குதிர ஓட்டத் தெரியும்னாலும் நம்பும். ஊருல வேற ஒருத்தரும் நம்பல. நீங்க எந்திரிச்சீங்கள்ல, கணக்கு தெரியாமலே சரின்னு சொன்னீங்கள்ல. அத வச்சுத்தான்பா இந்த ஒரு வாரம் சாப்பாடு எறங்குச்சு."

"பின்ன? எம்மக போட்ட கணக்குல்லா" என்றேன்.

அவள் சிரித்தாள். ஒரு மாசத்துக்கு அப்புறம். கண்ணைத் துடைக்கப் போய்க் கன்னத்தில் சிமெண்டைப் பூசிக்கொண்டாள். வண்டியை எடுத்தாள், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வீடு வரும்வரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்த உளி ஒவ்வொரு தடவை இறங்கும்போதும், இதோ மேலேயே தட்டுப்படப்போகிறது என்றுதான் நின்றிருந்தேன். கம்பியைக் கண்ணால் பார்க்கிறவரை நானும் அவளை நம்பவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.